நாழிகை வழியும் ஆகாய வழியும்

கோயம்புத்தூர் நகரத்தினின்று நாற்புறமும் கிளம்பும் பெருஞ்சாலைகளின் பெயர்களைச் சற்றே நின்று கவனிப்பவர்களுக்கு ஒரு விசேஷம் புலப்படாமல் இராது. திருச்சி ரோடு திருச்சிராப்பள்ளிக்குப் போகிறது. பாலக்காட்டு ரோடு பாலக்காட்டுக்குப் போகிறது. மேட்டுப்பாளையம் ரோடு, மலை தொடங்கிச் சமவெளி முடிகிற மேட்டுப்பாளையத்துக்குப் போகிறது. ஆனால் ஈரோடு, சேலம், சென்னை என்று ஒன்றைவிட ஒன்று பெரிதாகிய நகரங்களை நோக்கிச் செல்லுகின்ற சாலை மட்டும், அவற்றுள் எதன் பெயரையும் ஏலாமல், 25 மைல் தொலைவிலுள்ள அவிநாசி என்னும் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு சாலைக்கு ஜனங்கள் இடுகிற பெயர் பெரும்பாலும் அவர்களுடைய பிரயாணத்தின் அளவைக் காட்டும். சென்னை எங்கோ இருக்கிறது; அது மூன்று வாரப் பயணம். அவிநாசியோ நாளை இரவு மாடு அவிழ்த்துக் கட்டுகிற இடம். போய்ச் சேருகிற ஊரைக் காட்டிலும் தங்குகிற ஊரே வண்டிக்காரனுடைய நாவில் முதலில் வரும். இந்தச் சாலையின் ஓரத்தில்தான் இன்று கோயம்புத்தூர் விமான நிலையம் இருக்கிறது என்பதும், அங்கிருந்து சென்னை ஒரு மணி நேரப் பிரயாணம் என்பதும், கொங்கு நாட்டில் தூரம் என்பதற்கு உண்டான நீண்ட சரித்திரத்தின் இரு முனைகள்.

தூரத்தை நம் முன்னோர் எவ்வாறு அளந்தனர் என்று பார்த்தால், அவர்கள் இரண்டு விதமான கணக்குகளை ஒருங்கே கைக்கொண்டிருந்தனர் என்று தெரிகிறது. ஒன்று ஏட்டுக் கணக்கு. சாண், முழம், கோல் என்று ஏறி, ஐந்நூறு கோல் ஒரு கூப்பீடு என்றும் நான்கு கூப்பீடு ஒரு காதம் என்றும் அது முடியும். நான்கு முழம் ஒரு கோல் என்று கொண்டால் இந்தக் காதம் இரண்டேகால் மைலுக்குச் சற்றே அதிகமாகும். மற்றொன்று கால்நடைக் கணக்கு. ஒரு நாழிகைப் பொழுதில், அதாவது 24 நிமிஷத்தில், ஒருவன் நடந்து கடக்கக்கூடிய தூரத்துக்கு நாழிகை வழி என்று பெயர். அது ஏறக்குறைய ஒன்றரை மைல். இத்தகைய ஏழு நாழிகை வழி சேர்ந்தது ஒரு காதம் என்று ஜனங்கள் வழங்கினர். அது பத்து மைல். ஏட்டுக் காதமும் நடைக் காதமும் இவ்வளவு வேறுபடுவதைக் கண்டு பிற்காலத்தில் அளவுகளைத் தொகுத்தவர்கள் திகைத்ததுண்டு. எனக்கு அதில் திகைப்பு ஒன்றும் தோன்றவில்லை. விடியற்காலையில் கோழி கூப்பிடுகிற நேரத்துக்கு எழுந்து, வெயில் ஏறுமுன் ஒரு சாவடியிலோ சத்திரத்திலோ மூட்டையை இறக்குகிறவனுக்கு வேண்டியது கோல் எத்தனை என்பதன்று. பொழுது எவ்வளவு என்பதே. ஏழு நாழிகை என்பது மூன்று மணிக்குப் பன்னிரண்டு நிமிஷம் குறைவு. காலைக் குளிர்ச்சியில் ஒரு மனிதன் இளைப்பாறாமல் நடக்கக்கூடிய நடை அவ்வளவுதான். காதம் என்பது நிலத்தின் அளவாகத் தோன்றினாலும் உண்மையில் மனிதனுடைய மூச்சின் அளவு. 'கூப்பிடு தூரம்' என்னும் சொல்லை நாம் இன்றும் கூசாமல் வழங்குகிறோம். குரல் எட்டுகிற எல்லையே அதன் அளவு.

கல்லில் பொறித்துத் தூரம் காட்டும் வழக்கமும் நம்மிடம் பழமையானது. தருமபுரிப் பக்கத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லொன்று, நாவல் தாவளம் என்னும் வணிகத் தங்குமிடத்துக்கு இன்னும் 29 காதம் உண்டு என்று அறிவிக்கிறது. அக்கல்லில் எழுத்தும் தமிழ் இலக்கமும் இருப்பதோடு, அவற்றின் அருகே பெரிய குழிகள் இரண்டும் சிறிய குழிகள் ஒன்பதும் குடையப்பட்டிருக்கின்றன. பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுத்தறியாத வண்டிக்காரனும், இருட்டில் வருகிற பொதிமாட்டுக்காரனும், கையால் தடவியே தூரத்தை அறிந்துகொள்ளலாம். கல்வியறிவு இல்லாதவனுக்கும் வழி சொல்லவேண்டும் என்று அந்தக் கல் தச்சனுக்கோ அவனை ஏவியவனுக்கோ தோன்றியிருக்கிறதே, அந்தக் கருணையை நினைக்குந்தோறும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. கோயம்புத்தூருக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்தில் பாறையொன்றில் இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் சாசனம் வட்டெழுத்திலும் தமிழெழுத்திலும் காணப்படுகிறது. இராசகேசரி என்பது சோழ மன்னர்கள் பூண்ட பட்டம். பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்லும் அப்பெருவழியால் சோழ தேசமும் சேர தேசமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 20 மைல் அகலத்துக்குத் திறந்து விட்டிருக்கும் இந்தக் கணவாய் இல்லையானால் கொங்கு நாட்டின் சரித்திரமே வேறாக இருந்திருக்கும். முசிறித் துறைமுகத்தில் இறங்கிய யவனர் பொன் இக்கணவாய் வழியாகத்தான் கிழக்கே வந்தது என்பதற்கு, நொய்யற் கரையோரமாக வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் அகப்பட்ட ரோமானிய நாணயங்களும், சென்னிமலைக்கு அருகே கொடுமணலில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மணித்தொழிற் கூடங்களின் எச்சங்களும் சான்றாக நிற்கின்றன. செங்கடலின் வாயிலிலுள்ள ஓசெலிஸ் என்னும் துறையிலிருந்து பருவக் காற்றைப் பிடித்து முசிறிக்கு வந்து சேர 40 நாள் ஆகும் என்று ரோமானியராகிய பிளினி முதல் நூற்றாண்டில் எழுதிவைத்தார். காற்று மாறினாலன்றித் திரும்ப முடியாது. ஆகவே போவதற்கு 40 நாள் என்றால் வருவதற்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும். அக்காலத்துத் தூரம் என்பது கடலின் அகலமும் காற்றின் மனமும் சேர்ந்த ஒன்று.

அவிநாசி இந்தப் பெருவழியின்மேல் இருந்தது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சாட்சி சுந்தரமூர்த்தி நாயனாருடைய சரிதமே. திருவாரூரிலிருந்து கொடுங்கோளூருக்குத் தம் தோழராகிய சேரமான் பெருமாளைக் காணச் செல்லுகிறவர் கொங்கு நாட்டைக் கடந்தே செல்லவேண்டும். முதல் யாத்திரையில் சேரமான் கொடுத்த பெரும் பொருளைப் பரிசனங்களின் தலைமேல் ஏற்றிக்கொண்டு திரும்புகையில், அவிநாசிக்கு மிக அருகிலுள்ள திருமுருகன்பூண்டியில் வேடர் வடிவங்கொண்ட பூதகணங்கள் அதனைப் பறித்துக்கொண்டன என்பது பெரிய புராணம். தெய்வத் திருவிளையாடல் என்னும் பக்தியைச் சற்றும் குறைக்காமலேயே, அக்காலத்துப் பாதையின் இயல்பு அதில் தெரிகிறது என்றும் சொல்லலாம். வழி என்றால் வழிப்பறியும் உண்டு. பயணத்தின் நாட்களைக் கணக்கிடுகிறவன் காட்டில் துணைக்காகக் காத்திருக்கும் நாட்களையும் சேர்த்தே கணக்கிட்டான்.

இரண்டாம் யாத்திரையில்தான் அவிநாசி அற்புதம் நிகழ்ந்தது. அப்போது அவ்வூருக்குத் திருப்புக்கொளியூர் என்பது பெயர். வீதியில் எதிரெதிரே இருந்த இரு வீடுகளுள் ஒன்றில் பூணூற் கல்யாணத்து மங்கல ஒலியும் மற்றொன்றில் அழுகை ஒலியும் கேட்டுச் சுந்தரர் விசாரித்தார். ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் முன்பொரு நாள் குளத்தில் ஆடியபோது ஒருவனை முதலை விழுங்கிவிட்டது என்றும், தப்பியவனுக்கு இன்று உபநயனம் என்றும் அறிந்தார். அவர் பதிகம் பாட, வற்றிய குளத்தில் நீர் பெருகி, முதலை வந்து பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. சேக்கிழார் சொல்லும் நுட்பம் இங்கேதான் இருக்கிறது: மீண்ட பிள்ளை ஐந்து வயதினனாக மீளவில்லை, கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு மீண்டான். உபநயனப் பருவத்துத் தோழனுக்கு ஒத்த வயதினனாகவே அவன் தாயின் கையில் வந்து சேர்ந்தான். காலத்தை விட்டுக்கொடுக்காத ஓர் அற்புதம் அது. இச்சரிதம் அடங்கிய வெள்ளானைச் சருக்கமே, சுந்தரர் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானையின்மேல் ஆகாய மார்க்கமாகக் கயிலைக்கு ஏகியதையும், சேரமான் குதிரைமேல் அவரைத் தொடர்ந்ததையும் கூறுகிறது. அவிநாசி இடம்பெற்ற அந்தப் பயணம் தரையில் தொடங்கி வானத்தில் முடிந்தது. இந்தச் சரிதத்தைக் கேட்டு வளர்ந்த எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு, ஆகாய யாத்திரை என்பது ஆச்சரியமாயினும் அந்நியமான எண்ணமாக ஒருநாளும் இருந்ததில்லை.

பெருவழிகள் பழுதாகி, வண்டிப் பாதைகளாகிப் பின் கும்பினியார் காலத்தில் செப்பனிட்ட சாலைகளாயின. அந்நாட்களில் பருத்தியும் புகையிலையும் நெய்யும் கொங்கு நாட்டினின்று வெளியே போயின. தேங்காயும் பாக்கும் மிளகும் மலையாளத்தினின்று உள்ளே வந்தன. காங்கேயம் காளைகள் பூட்டிய சுமை வண்டி நாளொன்றுக்குப் பதினைந்து மைல் போனால் நல்ல நடை. வெயில் காலத்தில் வண்டிகள் இரவிலேயே ஓடின. முன்வண்டியின் அச்சுக்கு அடியில் ஒரு விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பின்வண்டி மாடுகள் தாமே நடந்துவர, வண்டிக்காரர்கள் மூட்டைகளின்மேல் படுத்துத் தூங்கிவிடுவார்கள். மாடு நின்றால் விழிப்பு வரும். நின்ற இடம் பழகிய புளியமரத்தடியாகவே இருக்கும். அங்கே லாடம் கட்டுகிறவனும், வைக்கோல் விற்கிறவனும், கம்மங்கூழ் ஊற்றுகிறவளும் உண்டு. அவிநாசி போன்ற ஊர்கள் கோயிலால் மட்டும் அல்லாமல், வண்டிகள் நாள் நடை முடித்துத் தங்குகிற இடத்தில் அமைந்திருந்ததாலும் பெருகின. இந்தக் கணக்கில் சென்னப் பட்டணம் ஏறத்தாழ 300 மைல். ஆகவே மூன்று வாரம். மழை பிடித்து ஆறு பெருகினால் அதற்கு மேலும் எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த நிலையை இருப்புப் பாதை ஒரே தலைமுறையில் மாற்றியது. சென்னையில் இராயபுரத்திலிருந்து 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ஆற்காட்டுப் பக்கத்து வாலாஜா ரோடு வரையில் முதல் ரெயில் ஓடிற்று. அதன் தொடர்ச்சியாக மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூரை நோக்கிச் சென்ற பாதை, சேலம், ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாக 1862இல் முழுமையுற்றது. கோயம்புத்தூர் நகரத்தையே அந்தப் பிரதான பாதை அண்டவில்லை. போத்தனூரோடு விலகிச் சென்றது. 1873இல் மேட்டுப்பாளையக் கிளைப் பாதை போட்டபோதுதான் நகரத்துக்கு ரெயில் வந்தது. அவிநாசிக்கோ அந்தப் பாக்கியமும் கிட்டவில்லை. ரெயில் பாதை தெற்கே எட்டொன்பது மைல் விலகி, அப்போது சிறிய ஊராக இருந்த திருப்பூரைத் தொட்டுச் சென்றுவிட்டது. சுமை வண்டிகள் மேற்கும் கிழக்கும் ஓடுவதை விட்டுத் தெற்கே திருப்பூர் ஸ்டேஷனை நோக்கித் திரும்பின. நூற்றாண்டுகளாகப் பெருவழியின்மேல் இருந்த ஊர் ஒரு பக்கத்து ஊராயிற்று. தூரம் குறைவது எல்லோருக்கும் ஒரே விதமாகக் குறைவதில்லை. சென்னை திருப்பூருக்கு இரண்டொரு நாளைக்குள் கிட்டிவந்தது. அவிநாசிக்கு அந்தச் சென்னையைக் காட்டிலும், எட்டு மைல் தெற்கே இருந்த திருப்பூரே அன்று முதல் கடக்க வேண்டிய தூரமாயிற்று. பிற்காலத்தில் திருப்பூர் பனியன் நகரமாகப் பெருகி, 2009இல் மாவட்டத் தலைநகரமும் ஆகி, அவிநாசி அதன் தாலுகாக்களில் ஒன்றாக அமைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதற்காரணம் அந்த இருப்புப் பாதையின் வளைவு என்பது என் துணிபு.

பிறகு பஸ் வந்தது. ஜி.டி. நாயுடு அவர்கள் 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு மோட்டார் வண்டியை ஓட்டத் தொடங்கியது முதல், கொங்கு நாட்டில் மோட்டார்ப் போக்குவரத்து விரைந்து வளர்ந்தது. சாலையின்மேல் இருந்த ஊர்களுக்கு இழந்த மதிப்பில் ஒரு பகுதி திரும்பிற்று. ரெயிலும் தன் பங்குக்கு வேகம் கூட்டிக்கொண்டே வந்தது. இரவில் சென்னையில் ஏறி, தூங்கி விழித்தால் நீலகிரி அடிவாரம் என்று பெயர் பெற்ற நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவையே பிரயாணத்துக்கு ஈடாக வாங்கிக்கொண்டது. 1977இல் வந்த கோவை எக்ஸ்பிரஸ் பகலிலேயே போய்ச் சேரலாம் என்று காட்டிற்று. 2023 ஏப்ரலில் தொடங்கிய வந்தே பாரத் ரெயில் ஆறு மணி நேரத்துக்குள் சென்னைக்கும் கோவைக்கும் இடையே ஓடி முடிக்கிறது.

ஆகாய மார்க்கத்துக்கு வருவோம். 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஒரு சிறு விமானத்தில் தபால் மூட்டையுடன் கிளம்பிப் பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். கோயம்புத்தூருக்கு விமான தளம் 1940இல் பீளமேட்டில் அமைந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையார் கோயம்புத்தூரில் தம் விமானங்களுக்கென ஒரு தளம் வைத்து, அதற்குக் 'கருடா' என்று நம் புராணத்துப் பெயரையே சூட்டினர். 1953இல் விமானக் கம்பெனிகள் தேசிய உடைமையாகி இந்தியன் ஏர்லைன்ஸ் தோன்றிய பின்னர், டகோட்டாக்களும் அவற்றையடுத்து ஃபோக்கர், ஆவ்ரோ விமானங்களும் பீளமேட்டுக்கு வந்துபோயின. டகோட்டாவின் உள்ளே காற்றழுத்தம் காக்கும் ஏற்பாடு கிடையாது. ஆகவே அது மிக உயரே ஏறாமல், மேகங்களுக்கு இடையே குலுங்கிக் குலுங்கித்தான் போகும். ஓடுதளத்தை நீட்டுவதற்காக எண்பதுகளில் நிலையம் மூடப்பட்டுச் சூலூர் விமானப் படைத் தளத்திலிருந்து சேவை நடந்தது. 1987இல் ஜெட் விமானங்களுக்குத் தக்கதாகப் பீளமேடு மீண்டும் திறந்தது. 1995இல் ஷார்ஜாவுக்கும், 2007இல் சிங்கப்பூருக்கும் நேர் விமானங்கள் கிளம்பின.

கோவையிலிருந்து சென்னை நேர்கோட்டில் 400 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தரை வழியே 500 கிலோமீட்டர். ஷார்ஜா நேர்கோட்டில் ஏறத்தாழ 2,770 கிலோமீட்டர். சிங்கப்பூர் 3,100க்கு மேல். அரபிக் கடலைக் கடக்கப் பிளினி 40 நாள் எழுதிவைத்த இடத்தில் இன்று நான்கு மணி நேரம். இந்த நேரமும் போகையில் ஒன்றாகவும் வருகையில் ஒன்றாகவும் இருக்கிறது. உயர்வானத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று போகிற விமானத்தை எதிர்த்தும் வருகிற விமானத்தை உந்தியும் விடுவதே அதற்குக் காரணம். யவனன் கப்பலைத் தடுத்த காற்றின் அதிகாரம் முற்றும் ஒழியவில்லை. நாள் கணக்கிலிருந்து நிமிஷக் கணக்குக்குச் சுருங்கியிருக்கிறது.

காற்றைப் பற்றிச் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி ஆடி மாதங்களில் புகுந்து வீசும் காற்றின் வன்மையை எங்கள் ஊர்க்காரர்கள் அறிவார்கள். விமானம் காற்றை எதிர்கொண்டே ஏறவும் இறங்கவும் வேண்டும். கோவை விமான நிலையத்தின் ஓடுதளம் தென்மேற்கும் வடகிழக்குமாகக் கிடக்கிறது. அதன் வடகிழக்கு முனையை நேரே ஒரு கோடாக நீட்டிக்கொண்டு போனால், சுமார் 30 கிலோமீட்டரில் அக்கோடு அவிநாசிப் பக்கத்தை அடைகிறது. யவனப் பொன் வந்த கணவாயும், அதன்வழி வரும் காற்றும், காற்றை நோக்கி அமைந்த ஓடுதளமும், வண்டிகள் ஓடிய அவிநாசி ரோடும் ஏறத்தாழ ஒரே திசையில் அமைந்திருப்பதைத் தேசப் படத்தில் கண்டபோது நான் பட்டணத்து நூலகத்திலிருந்து வீடு திரும்பும் வரையில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதத்து இரவில் அவிநாசித் தேர் வீதியில் நின்று வடகிழக்கே பார்த்தால், சென்னை விமானத்தின் வெள்ளை விளக்கு முதலில் அசையாத நட்சத்திரம் போலத் தோன்றி, மெல்லப் பெருத்து, இராஜ கோபுரத்தின் பக்கமாக இறங்கிக்கொண்டே தென்மேற்கே போகும். ஏழெட்டு நிமிஷத்தில் அது பீளமேட்டில் தரையைத் தொட்டுவிடும். ஒரு நாழிகையில் மூன்றில் ஒரு பங்கு.

அந்த விமானத்தில் வந்த அவிநாசிக்காரர் வீடு வந்து சேரும் கணக்கு வேறு. பெட்டிக்காகக் காத்திருந்து, அருகிலுள்ள சித்ரா பஸ் நிறுத்தத்துக்கு வந்து, ஈரோட்டுப் பஸ்ஸிலோ திருப்பூர்ப் பஸ்ஸிலோ ஏறி, சின்னியம்பாளையம், நீலாம்பூர், கருமத்தம்பட்டி, தெக்கலூர் என்று வண்டி நின்று நின்று வர, தாம் மேலாகவே பறந்து கடந்த ஊருக்கு அவர் திரும்பி வருவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. புறப்படுகையிலும் அப்படியே: விமான நிலையத்துக்கு ஒரு மணி, அங்கே சோதனைகளுக்காக முன்கூட்டி இருக்கவேண்டியது ஒன்றரை மணி, வானத்தில் ஒரு மணி, சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்திலிருந்து பட்டணத்துக்குள் புக மற்றொரு மணி. எல்லாம் கூட்டினால் நாலரை முதல் ஐந்து மணி நேரம். திருப்பூரில் வந்தே பாரத் ஏறினால் சென்னை சென்ட்ரல் ஐந்தேகால் மணி நேரம். கோயம்புத்தூர் நகரத்துக்குள் அவிநாசி ரோட்டின்மேல் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஜி.டி. நாயுடு அவர்கள் பெயரால், 2025 அக்டோபரில் மேம்பாலம் ஒன்று திறந்திருக்கிறார்கள். நகரத்துக்குள் இருப்பவர்க்கு அதனால் விமான நிலையம் கிட்டிற்று. ஆனால் அந்தப் பாலம் கோல்ட்வின்ஸ் என்னும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. அவிநாசிக்காரருக்கு இன்றும் சென்னையின் தூரம் ஐந்து மணி நேரம். பழைய கணக்கில் சொன்னால் பன்னிரண்டரை நாழிகை வழி.